பட்டம் பெற்ற பின்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் கம்பரையோ வள்ளுவரையோ துணைக்கு அழைத்துக்கொள்வது நம் சங்கத்தின் நல்ல வழக்கம். எனக்கு அந்தப் புலமை இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை இரசாயனக் குடுவைகளுக்கு நடுவே கழித்தவன் நான். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்று செயலாளர் பெருந்தன்மையோடு கூறினார். எனக்குத் தெரிந்தது இந்தக் காலனியிலேயே பலர் வீட்டுக் கவலையாகவும் இருக்கிறது. ஆகவே அதையே பேசத் துணிந்தேன்.

சென்ற மார்கழியில் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு காட்சி. பொங்கல் பிரசாதத்தைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு நின்ற ஒரு மூதாட்டியார், தம் பக்கத்து வீட்டு அம்மையாரை நோக்கி, "உங்கள் பிள்ளை இன்னுமா படித்துக்கொண்டிருக்கிறான்? முப்பது வயது ஆகியிருக்குமே!" என்று வினவினார். "படிப்பு முடிந்துவிட்டது மாமி. இப்போது போஸ்ட்டாக் செய்கிறான்" என்று விடை வந்தது. மூதாட்டியார் முகம் மலர்ந்து, "போஸ்டாபீசா? போகட்டும், சர்க்கார் உத்தியோகம். காலா காலத்தில் கல்யாணத்தைப் பண்ணுங்கள்" என்றார். அருகில் நின்ற நாங்கள் சிரித்தோம். அந்தத் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் அவர் என்னிடம் கேட்ட கேள்வியே இந்தப் பேச்சுக்கு வித்து: "அண்ணா, உண்மையில் அது படிப்பா, உத்தியோகமா?"

அது உத்தியோகமே. டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர், வேறொரு பேராசிரியரின் சோதனைக்கூடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள், மாதச் சம்பளமோ உதவித்தொகையோ பெற்றுக்கொண்டு, முழு நேரமும் ஆராய்ச்சி செய்வது. தமிழில் முனைவர் பட்ட மேலாய்வு என்கிறார்கள். செய்கிறவர் மேலாய்வாளர். அவருக்குத் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, முடிவில் பட்டமும் இல்லை. பட்டம் இல்லாததனால்தான் ஊரார்க்கு அது என்னவென்று விளங்குவதில்லை. மணப்பெண் தேடும் தரகருக்கோ சற்றும் விளங்குவதில்லை.

ஆனால் அது நிலையான உத்தியோகம் அன்று. இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டு என்று எழுதப்படும். பேராசிரியரின் மானியம் தீர்ந்தால் இவருடைய சம்பளமும் தீரும். மேலாய்வு என்பது தங்கும் வீடு அன்று. ஆற்றைக் கடக்கும் பரிசல். பரிசலில் ஏறும்போதே எந்தக் கரையில் இறங்கப் போகிறோம் என்று எண்ண வேண்டும். ஏறிய பலர் எண்ணுவதில்லை. நீரின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்து விடுகிறார்கள். குறை கூறவில்லை. ஆராய்ச்சியின் இன்பம் அப்படிப்பட்டது.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். ஒரு பேராசிரியர் முப்பது ஆண்டு பணியாற்றுகிறார், ஈராண்டுக்கு ஒருவராகப் பதினைந்து மாணவர்க்கு டாக்டர் பட்டம் வாங்கித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வு பெறும் நாளில் காலியாவது ஒரே ஒரு நாற்காலி. பதினைந்து பேரில் ஒருவர் அதில் அமரலாம். புதிய கல்வி நிலையங்கள் தோன்றினால் இன்னும் சிலர்க்கு இடம் கிடைக்கும். மற்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியைப் பதினைந்து பேரும் முதல் நாளே கேட்டாக வேண்டும். இதைக் கேட்பது ஆராய்ச்சிக்குச் செய்யும் துரோகம் என்று எங்கள் தலைமுறையில் ஒரு தவறான எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தின் விலையைப் பின்னால் சொல்லப் போகிறேன்.

இந்தத் துயரம் புதியதும் அன்று. நாடு விடுதலை பெற்ற பின் வெளிநாடு சென்று உயர்ந்த பட்டங்களோடு திரும்பிய இளைஞர்கள், நிலையான பதவி கிடைக்காமல் தவித்தார்கள். அவர்கள் மீண்டும் கப்பலேறிப் போய்விடாதபடி, விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 1958-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் பூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. திரும்பியவர்க்குத் தற்காலிகமாக ஓரிடமும் ஒரு தொகையும் கொடுத்து, நிலையான வேலை கிடைக்கும்வரை தாங்கிப் பிடிப்பது அதன் நோக்கம். 'பூல் ஆபீசர்' என்ற பெயரை இங்குள்ள முதியவர்கள் சிலர் கேட்டிருப்பீர்கள். தாங்கிப் பிடித்தது உண்மை. தாங்கிய கையிலேயே நெடுநாள் தங்கிவிட்டவர்களும் உண்டு என்பதும் உண்மை.

அன்றைக்கு இருந்ததைவிட இன்று கதவுகள் மிகுதி. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஷாண் பக்கம் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் 1950-இல் திறக்கப்பட்டது. அதன் அண்டையில், 2006-இல் தோன்றிய ஐசர் என்னும் இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இன்று ஓங்கி நிற்கிறது. அவ்வாண்டில் புனேயிலும் கொல்கத்தாவிலுமாக இரண்டு இருந்தவை, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என்று பெருகி ஏழாகிவிட்டன. 2001-இல் ஏழாக இருந்த ஐ.ஐ.டி.க்கள் இருபத்துமூன்றாக வளர்ந்திருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் ஆசிரியர்கள் வேண்டும். ஆனால் கதவு பெருகிய வேகத்தைக் காட்டிலும் கதவைத் தட்டுவோர் பெருகிய வேகம் மிகுதி. அதுவும் தவிர, நம் நாட்டுக் கதவுகளுக்கு ஒரு விசித்திரமான பூட்டு உண்டு. அதன் பெயர் வயது.

இதை வீட்டிலுள்ள பெரியோர்கள் சற்று ஊன்றிக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் மேலாய்வாளர்களைப் பேராசிரியர் பதவியை நோக்கிச் செலுத்துவதற்கென 2006-இல் ஒரு பெரிய மானியத் திட்டம் தொடங்கினார்கள். அது, டாக்டர் பட்டத்துக்குப் பின் ஒருவர் எத்தனை ஆண்டு மேலாய்வு செய்திருக்கிறார் என்று கணக்கெடுக்கிறது. பிறந்த தேதியைக் கேட்பதில்லை. நம் நாட்டிலோ கடிகாரம் பிறந்த அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. தேசிய மேலாய்வு உதவித்தொகைக்கு 35 வயது வரம்பு. ஈராண்டு நடக்கும். விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டம் ஐந்தாண்டுச் சம்பளமும் ஆராய்ச்சி மானியமும் தந்து ஒருவரைத் தம் காலில் நிற்க வைக்கக்கூடியது. அதற்குப் பொதுப் பிரிவினர்க்கு 32 வயதோடு வாசல் மூடிவிடும். வெளிநாட்டிலிருந்து திரும்புவோர்க்காக நம் கணித மேதை இராமானுஜன் பெயரால் அமைந்த உதவித்தொகை நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்காக வகுக்கப்பட்டது. பல நிலையங்கள் உதவிப் பேராசிரியர் பதவிக்கு 35-க்கு உட்பட்டவரையே விரும்புவதாக விளம்பரத்தில் எழுதுகின்றன. பெண்டிர்க்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் பிற்பட்ட வகுப்பினர்க்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் சில திட்டங்களில் ஐந்தாண்டுச் சலுகை உண்டு. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பை மூலத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும். மாமா சொன்னார், சித்தப்பா சொன்னார் என்று நம்பக் கூடாது. நான் சொன்னேன் என்றும் நம்பக் கூடாது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், என் சொல்லை நம்பிய ஒருவரை நான் அறிவேன்.

இந்தக் காலனியில் வளர்ந்த பிள்ளை. பெயர் வேண்டாம். இதைச் சொல்ல அவரிடம் அனுமதி பெற்றுக்கொண்டுதான் சொல்கிறேன். இருபத்தெட்டு வயதில் நல்ல நிலையத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஜெர்மனிக்குச் சென்று மூன்றாண்டு மேலாய்வு செய்தார். முப்பத்தொன்றாவது வயதில் விடுமுறைக்கு வந்தபோது என் வீட்டுக்கு வந்து, "மாமா, இப்போதே விண்ணப்பம் போடட்டுமா? அல்லது கையிலிருக்கும் கட்டுரை பெரிய இதழில் வெளிவரும்வரை பொறுக்கட்டுமா?" என்று கேட்டார். நான் ஒரு கணமும் தயங்கவில்லை. "பொறு. அந்தக் கட்டுரை வந்துவிட்டால் ஐந்து நிலையங்கள் உன்னைத் தேடி வரும்" என்றேன். என் காலத்தில் அது நல்ல அறிவுரை. எனக்குப் பதவி கிடைத்த விதமும் அதுதான்.

அந்தக் கட்டுரை வரவில்லை. மதிப்பீட்டாளர்கள் புதிய சோதனைகள் கேட்டார்கள். செய்தார். மீண்டும் கேட்டார்கள். அதற்குள் வேறொரு நாட்டுக் குழு ஏறக்குறைய அதே முடிவை வெளியிட்டுவிட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து, சற்றுச் சிறிய இதழில் கட்டுரை அச்சேறியபோது அவருக்கு 33 வயது. 32-இல் மூடும் வாசல் மூடிக்கிடந்தது. அந்த இரண்டு ஆண்டும் அவர் ஒரு விண்ணப்பமும் எழுதவில்லை. எழுதாததனால் எழுதும் பழக்கமும் வரவில்லை. பின்னர் எழுதியவை முதிராமல் இருந்தன. நான்கு இடங்களில் நேர்முகம் வரை சென்று திரும்பினார். இப்போது நகருக்கு வெளியே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பகுப்பாய்வுப் பிரிவை நடத்துகிறார். நன்றாக இருக்கிறார். வேலையையும் விரும்புகிறார். ஆனால் தமக்கென ஒரு சோதனைக்கூடம் வேண்டும் என்றுதான் அவர் பதினைந்து வயது முதல் எண்ணியிருந்தார். அவர் இன்றுவரை என்னைக் குறை கூறியதில்லை. தீபாவளிக்குத் தவறாமல் வீட்டுக்கு வந்து வணங்குகிறார். அப்போதெல்லாம் என் மனைவி என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கட்டுரையும் விண்ணப்பமும் இரு மாடுகள் போல ஒரே நுகத்தில் சேர்ந்து நடக்க வேண்டியவை என்பதை நான் மிகத் தாமதமாக உணர்ந்தேன். கட்டுரை வெளிவராவிட்டாலும், அச்சுக்கு முன்பே வலைத்தளத்தில் இடும் வழக்கம் இன்று பல துறைகளில் வேரூன்றிவிட்டது. தேர்வுக் குழுவினர் அதை எடுத்துப் படிக்கலாம். இது எனக்கு அன்று தோன்றவில்லை.

நிற்க. தோல்விக் கதையை மட்டும் கூறி உங்கள் பண்டிகை மனத்தைக் கெடுக்க விரும்பவில்லை. நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன்.

வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் பரோடாவுக்குச் சென்றது. தந்தையார் அங்குள்ள பல்கலைக் கழகத்தில் உயிர் இரசாயனத் துறையை நடத்தியவர். தாயாரும் விஞ்ஞானி. பிள்ளை பரோடாவிலேயே பௌதிகம் படித்து 1971-இல் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று, 1976-இல் ஒஹையோவில் பௌதிகத்திலேயே டாக்டர் பட்டமும் பெற்றார். பெற்ற பிறகு, இது என் மனத்துக்கு உகந்த துறை அன்று என்று கண்டுகொண்டார். கையில் டாக்டர் பட்டம் இருக்க, சான் டியாகோவில் உயிரியல் மாணவராக மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பாருங்கள்.

பிறகு ஏல் பல்கலைக் கழகத்தில், பீட்டர் மூர் என்ற பேராசிரியரிடம் மேலாய்வு. ரைபோசோம் என்பது உயிரணுவுக்குள் புரதங்களை நெய்யும் நுண்ணிய தறி. அதன் அமைப்பை ஆராயும் பணி. அது முடிந்தபின் அவர் அமெரிக்காவில் ஏறத்தாழ ஐம்பது கல்வி நிலையங்களுக்கு விண்ணப்பித்தார். ஐம்பதிலும் பயன் இல்லை. பௌதிகத்திலிருந்து உயிரியலுக்குத் தாவியவர், பலர்க்குப் பழக்கமில்லாத நியூட்ரான் முறையைக் கையாண்டவர் என்பதனால் இவரை எந்தத் துறையில் வைப்பது என்று அவர்களுக்கு விளங்கவில்லையோ என்பது என் ஊகம். அவர் சோர்ந்து வேலையை விடவில்லை. பல்கலைக் கழகம் இல்லாவிட்டால் தேசிய ஆய்வுக்கூடம் என்று முதலில் ஓக் ரிட்ஜுக்குப் போனார். அங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. 1983-இல் புரூக்ஹேவன் சென்று பன்னிரண்டு ஆண்டு பணியாற்றினார். நாற்பது வயதை நெருங்கும்போது, படிகங்களைக் கொண்டு அணு அமைப்பைக் காணும் முறையைக் கற்க ஓராண்டு விடுப்பெடுத்து, கேம்பிரிட்ஜில் மாணவரைப் போல் உட்கார்ந்தார். 1995-இல் யூட்டா. 1999-இல் மறுபடியும் கேம்பிரிட்ஜ், அதுவும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு. 2000-இல் ரைபோசோமின் சிறு பகுதியின் அமைப்பை வெளியிட்டார். 2009-இல் வேறிருவரோடு இரசாயன நோபெல் பரிசு. ராயல் சொசைட்டியின் தலைவராக 2015 முதல் 2020 வரை வீற்றிருந்தார்.

நோபெல் பரிசுக்காக இந்தக் கதையை நான் கூறவில்லை. அது எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. அந்த ஐம்பது விண்ணப்பங்களுக்காகவே கூறினேன். நம் பிள்ளைகள் ஆறு விண்ணப்பம் போட்டு ஆறும் திரும்பினால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். பெற்றோர் அதற்கு மேல். "உனக்கு அதிருஷ்டம் இல்லை, பேசாமல் வங்கித் தேர்வு எழுது" என்கிறார்கள்.

இனி விண்ணப்பம் எழுதுவது பற்றிச் சில சொற்கள். பல ஆண்டுகள் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து கண்டதைச் சொல்கிறேன்.

வேறொரு நிலையத்தின் பெயரை அழிக்க மறந்து எங்களுக்கு அனுப்பிய கடிதங்கள் ஒவ்வோர் ஆண்டும் வந்தன. அவற்றை எழுதியவர்கள் மூடர்கள் அல்லர். ஒரே கடிதத்தை முப்பது இடத்துக்கு அனுப்பும் களைப்பு அது. நாங்கள் அந்தக் களைப்பை மதிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இருபது பக்க ஆராய்ச்சித் திட்டங்கள் வரும். முதல் பக்கத்தில் வினா என்னவென்று தெரியாவிட்டால் இருபதாம் பக்கத்தை எவரும் எட்டுவதில்லை. 1913-ஆம் ஆண்டு ஜனவரியில், சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் இருந்த இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் அங்குள்ள வேறிரு கணிதப் பேராசிரியர்க்கு எழுதிப் பயன் காணாதவர். தாம் யார், என்ன சம்பளம், பல்கலைக் கழகப் படிப்பு இல்லை என்பதைச் சில வரிகளில் முடித்துவிட்டார். மீதி முழுவதும் தேற்றங்கள்! செய்த வேலையையே முன்னால் எடுத்து வைத்தார். அறிவுள்ளவர் ஒருவர் படித்தால் போதும் என்று நம்பினார். படித்தவர் படித்தார். நம் பிள்ளைகளின் கடிதங்களில் 'பேரார்வம்' முதலான அடைமொழிகள் நிரம்பி, வேலை பின்னிணைப்பில் கிடக்கிறது.

நேர்முகத்தில் நான் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் பேராசிரியர் செய்யாத எதை நீங்கள் இங்கே செய்யப் போகிறீர்கள்?" சிறந்த மாணவர்கள்கூட இந்த இடத்தில் வாயடைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். மேலாய்வுக் காலத்தில் செய்த பணி அந்தப் பேராசிரியருடைய மானியத்தில் நடந்தது. விட்டுப் போகும்போது அதில் எந்தப் பகுதியைக் கையோடு எடுத்துச் செல்லலாம் என்பது பேசித் தெளிய வேண்டிய ஒன்று. பாகப் பிரிவினையைப் போல. சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது. பிரியும்போது கேட்டால் மனக்கசப்பு வருகிறது. கேட்காமலே எடுத்துச் சென்றால் சிபாரிசுக் கடிதம் கெடுகிறது. சிபாரிசு என்றவுடன் நம் ஊர் சிபாரிசை எண்ணாதீர்கள். இது மூன்று பேராசிரியர்கள் விண்ணப்பதாரருடைய வேலையைப் பற்றி நேரே குழுவுக்கு எழுதும் மறைவான கடிதம். எழுதுவோர்க்கு ஒரு மாத காலமாவது கொடுத்து, தம்முடைய திட்டத்தையும் அனுப்பிவைக்க வேண்டும். மறைவான கடிதத்தில் 'கடின உழைப்பாளி' என்று மட்டும் இருந்தால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

இன்னொரு கேள்வியும் கேட்பதுண்டு. "நீங்கள் கேட்கும் கருவி வந்து சேர ஓராண்டு ஆகும். அதுவரை என்ன செய்வீர்கள்?" வெளிநாட்டில் இன்று கேட்ட இரசாயனப் பொருள் நாளை மேசைக்கு வரும். இங்கே சுங்கம் கடந்து வர வாரங்கள் ஆகலாம். இதை அறிந்து, முதலாண்டுக்கென்று கையிலிருப்பதைக் கொண்டு செய்யும் ஒரு சிறு திட்டம் வைத்திருப்பவர் எங்கள் மனத்தில் உடனே இடம் பிடித்துவிடுவார். அவர் இந்தியாவில் வேலை செய்ய வந்தவர். மற்றவர் இந்தியாவில் வேலை தேடி வந்தவர்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலும் ஆகஸ்டு முதல் டிசம்பருக்குள் விண்ணப்பங்களை வாங்கி, அடுத்த சில மாதங்களில் நேர்முகம் நடத்துகின்றன. நம் ஐ.ஐ.டி.க்களில் பல ஆண்டு முழுதும் விண்ணப்பம் வாங்குகின்றன. அங்கே உதவிப் பேராசிரியரில் முதல் நிலைக்குப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள். குறைவாக இருப்பவரை இரண்டாம் நிலையில் எடுப்பதும் உண்டு. விளம்பரம் வரும்வரை காத்திராமல், துறைத் தலைவர்க்கு ஓராண்டு முன்பே எழுதி, "விடுமுறையில் வருகிறேன், ஒரு சொற்பொழிவு ஆற்றலாமா?" என்று கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. உயிரியல் துறையில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கென்று இந்தியா பயோசயன்ஸ் அமைப்பினர் 2009 முதல் ஒரு கூட்டம் நடத்தி வருகிறார்கள். வெளிநாட்டு மேலாய்வாளர்களும் நம் நாட்டு நிலையங்களின் தலைவர்களும் அங்கே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இத்தகைய இடங்களில் அறிமுகமாவதைச் சிலர் முகத்துதி என்று இகழ்கிறார்கள். பத்துப் பேர் முன்னிலையில் தம் வேலையை விளக்கிச் சொல்வது முகத்துதி ஆகாது.

பெண்மக்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு பாதிப் பேச்சாகிவிடும். மேலாய்வுக் காலம் என்பது இருபத்தெட்டு முதல் முப்பத்தைந்து. நாம் பெண்ணுக்குக் கல்யாணம், குழந்தை என்று வகுத்திருக்கும் காலமும் அதுவே. கணவர்க்குப் பெங்களூரில் வேலை, இவர்க்கு மொஹாலியில் அழைப்பு. யார் விடுவது? குழுக்களில் உட்கார்ந்த அத்தனை ஆண்டிலும், "மனைவிக்காக இந்தப் பதவியை ஏற்க முடியவில்லை" என்று எழுதிய ஆடவர் கடிதம் ஒன்றே ஒன்றைத்தான் கண்டேன். மறுதலையாக எழுதிய கடிதங்களை எண்ணியதில்லை. இடையில் ஆராய்ச்சியை விட்ட பெண்கள் திரும்பி வருவதற்கென்று விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறை தனித் திட்டங்கள் வைத்திருக்கிறது. அவை நல்லவை. ஆனால் திரும்பி வர உதவும் திட்டத்தைக் காட்டிலும், ஆறு மாதம் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்வரும் பாட்டனார் விரைவில் பலன் தருவார். பாட்டிமார் ஏற்கெனவே முன்வந்துவிடுகிறார்கள். ஆகவே பாட்டனார் என்று குறிப்பாகச் சொன்னேன்.

பேராசிரியர் பதவிக்கு அப்பாலும் உலகம் இருக்கிறது. அதைப் பெற்றோர்கள் 'தோற்றவர் போகும் இடம்' என்று பேசுவதை நிறுத்த வேண்டும். முன்னே சொன்ன இளைஞர் நடத்தும் பகுப்பாய்வுப் பிரிவிலிருந்து கையொப்பம் வராமல் ஒரு மாத்திரையும் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டாது. அது சிறிய பொறுப்பா? காப்புரிமைத் துறையில் முகவராக விஞ்ஞானப் பட்டமும் அரசுத் தேர்வும் போதும். டாக்டர் பட்டம் உள்ளவரை அங்கே கை நீட்டி வரவேற்கிறார்கள், ஏனெனில் ஒரு கண்டுபிடிப்பில் எது புதிது, எது பழையது என்று அவர் கண்ணுக்குத் தெரியும். விஞ்ஞான இதழ்களின் ஆசிரியர் குழு உண்டு. மானியம் வழங்கும் அரசுத் துறைகளிலேயே விஞ்ஞானி பதவிகள் உண்டு. சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்க்கு, 2012-இல் அமைந்த பைராக் நிறுவனம் உயிர்த் தொழில்நுட்பத்தில் ஐம்பது இலட்சம் ரூபாய் வரை தொடக்க மானியம் கொடுத்து வந்திருக்கிறது. நம் பாஷாணிலேயே, ஆய்வுக்கூடத்தின் பக்கத்தில், அப்படிப்பட்ட சிறு தொழில்களை அடைகாக்கும் வென்ச்சர் சென்டர் இருக்கிறது. போய்ப் பாருங்கள். முப்பது வயதுப் பிள்ளைகள் அங்கே தாமே கருவி செய்துகொண்டிருக்கிறார்கள். இங்கும் ஓர் எச்சரிக்கை. தொழில் நிறுவனங்களுக்கு எழுதும் விண்ணப்பம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நாற்பது கட்டுரைகளின் பட்டியலை அவர்கள் படிப்பதில்லை. எந்தச் சிக்கலை எந்தக் கருவியால் எத்தனை நாளில் தீர்த்தீர்கள் என்பதைப் படிப்பார்கள்.

இத்தனையும் கேட்ட அந்தக் கோயில் வாசல் தாயார், "சரி, என் பிள்ளை இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று சென்ற வாரம் மறுபடியும் கேட்டார். அவருடைய பிள்ளைக்கு முப்பது வயது. மேலாய்வில் முதலாண்டு. ஒரு முழுத் தாளை எடுத்து, மேலே பிறந்த தேதியை எழுதச் சொன்னேன். அதன் கீழே, 32, 35, 40 வயது நிறையும் தேதிகள். பக்கத்தில் அந்தந்தத் தேதிக்குள் மூடும் வாசல்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓராண்டுக்கு முன் ஒரு கோடு. அந்தக் கோட்டில் விண்ணப்பம் எழுதத் தொடங்க வேண்டும், கட்டுரை வந்தாலும் வராவிட்டாலும். பிள்ளை அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டு, "இதைத் திருமணத் தரகருக்கும் அனுப்பலாம் போலிருக்கிறதே" என்றாராம். தாயார் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. செயலாளர் அவர்கள் சங்க நூலகத்தை ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை எங்களுக்குத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார். 'எங்களுக்கு' என்றேன். நானும், முன்னே பெயர் சொல்லாமல் சொன்ன அந்த இளைஞரும் அங்கே உட்கார்ந்திருப்போம். விண்ணப்பங்களைக் கொண்டு வாருங்கள். வாசித்துத் திருத்துவோம். நேர்முகக் கேள்விகளை நான் கேட்பேன். பதிலில் எங்கே பிழை என்பதை அவர் சொல்வார். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும் என்று அவரே சொல்லிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கணினி வழியே கலந்துகொள்ளலாம். அவர்களுடைய நேரத்துக்கு ஏற்றபடி ஒன்பது மணிக்கும் உட்காரத் தயார், காவலாளி விளக்கை அணைக்காமல் இருந்தால். நூலகத்தில் நாற்காலி எட்டுத்தான் இருக்கிறது. மிகுதியாக வருவோர் வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வர வேண்டும்.